ஜெபெனா காபி: மூன்றாம் சுற்று நீர்த்துப் போகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். எத்தியோப்பியக் காபிச் சடங்கை முறைப்படி செய்து பழகியவர்கள் இங்கே இருந்தால் உதவுங்கள்.

பச்சைக் கொட்டையைக் கழுவி, சட்டியில் விடாமல் கிளறி, எண்ணெய் மினுங்கும்வரை வறுத்து, அந்தப் புகையை விருந்தினர் பக்கம் காட்டி, உரலில் இடித்து, ஜெபெனா என்னும் களிமண் காபிக் கூஜாவில் கொதிக்கவைப்பது வரை சரியாகவே வருகிறது. அளவு: சினி எனப்படும் கைப்பிடியில்லாத சிறு கோப்பை ஆறுக்கு 50 கிராம் கொட்டை, அரை லிட்டர் தண்ணீர்.

முதல் சுற்றான அபோல் திடமாக இருக்கிறது. அதே சக்கையில் தண்ணீர் சேர்த்துக் கொதிக்கவிடும் தோனா பரவாயில்லை. மூன்றாவதான பரகாதான் வெந்நீர் மாதிரி ஆகிவிடுகிறது. அது இலேசாகத்தான் இருக்க வேண்டும், தெரியும். ஆனால் ஆசி என்று பொருள்படும் சுற்று அது. அதற்கு முன் எழுந்து போவதே மரியாதைக் குறைவு. அவ்வளவு நேரம் காத்திருப்பவர்களுக்கு நிறத்தண்ணீர் கொடுக்க மனம் வரவில்லை.

சுற்றுக்குச் சுற்று தண்ணீரைக் குறைப்பதா, கொதிக்கும் நேரத்தைக் கூட்டுவதா? நைசாக இடித்தால் சாறு நன்றாக இறங்குகிறது, ஆனால் தூள் படியாமல் கோப்பைக்குள் வந்துவிடுகிறது. பொங்கி இறக்கியதும் நான்கைந்து நிமிடம் சாய்த்துவைத்து, நடுவில் நிமிர்த்தாமல் ஒரே தாரையாக ஊற்றினால் கசடு ஓரளவு அடங்குகிறது; நிமிர்த்தினால் எல்லாம் கலங்கிவிடும். கசடை வடிகட்ட ஜெபெனாவின் மூக்கில் குதிரைமயிர் அடைப்பார்களே, அதற்குப் பதில் வாசனை ஏறாத நார் எது?