பெரிய பவளத் தொட்டியும் அதற்கான தண்ணீரும்: மூவரின் அனுபவப் பகிர்வு

வீட்டில் பெரிய பவளத் தொட்டி, அதாவது உயிருள்ள பவளங்களை வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி, அமைக்கப்போவதாக யாராவது சொன்னால், "தண்ணீருக்கு என்ன ஏற்பாடு?" என்றுதான் முதலில் கேட்பேன். கண்ணாடி, விளக்கு, அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் எல்லாவற்றைப் பற்றியும் விரல் நுனியில் தகவல் வைத்திருப்பார்கள். தண்ணீர் என்றதும் "ஆர்.ஓ. ஒன்று மாட்டிக்கொள்ளலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரிக்குள் இருப்பதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

என் தொட்டி 240 செ.மீ. நீளம், 90 செ.மீ. அகலம், 75 செ.மீ. உயரம். கணக்குப்படி 1,620 லிட்டர். தண்ணீர், பாறை, கண்ணாடி, இரும்புத் தாங்கி எல்லாம் சேர்ந்தால் எடை இரண்டு டன்னுக்கு மேல். அதனால் தரைத்தளத்தில் கான்கிரீட் தளத்தின்மேல் வைத்தேன். மின்சாரம் நின்றால் மேலேயிருந்து வடியும் நீர் முழுவதும் கீழே உள்ள சம்பில் (துணைத் தொட்டியில்) அடங்க வேண்டும். உப்பு கலக்கும் முன்பே வெறும் நீரை நிரப்பி, பம்பை நிறுத்திப் பார்த்து இதை உறுதிசெய்துகொண்டேன். இவையெல்லாம் ஒருமுறை செய்துவிட்டால் முடிந்தது. தண்ணீர் வேலை மட்டும் தொட்டி இருக்கும்வரை ஓயாது.

தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே. உப்பும் மற்றவையும் உள்ளேயே தங்கிவிடுகின்றன. இந்த அளவுத் தொட்டியில் நாளொன்றுக்கு 15 லிட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஈடுசெய்ய, லிட்டருக்கு 300 மில்லிகிராம் கரைபொருள் உள்ள குழாய் நீரை ஊற்றினால், தினமும் நாலரை கிராம் உள்ளே போகிறது. ஓராண்டில் ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். அதில் நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கா எல்லாம் உண்டு. பழைய செப்புக் குழாய் வழியாக வரும் நீரென்றால் செம்பும் இருக்கும். செம்பு மிகச் சிறிய அளவிலேயே நத்தை, இறால், பவளம் ஆகியவற்றுக்கு நஞ்சு. ஆகவே நீர் மாற்றுவதற்கு மட்டும் சுத்த நீர் போதாது, ஆவியானதை ஈடுசெய்யும் நீரும் அதே தரத்தில் இருந்தாக வேண்டும்.

என்னுடைய அமைப்பில் முதலில் வண்டலைப் பிடிக்கும் செடிமென்ட் ஃபில்டர், பிறகு கார்பன் பிளாக், அதன்பின் ஆர்.ஓ. மெம்பிரேன் (கரைந்த உப்பைத் தடுக்கும் சவ்வு), கடைசியாக டி.ஐ. ரெசின் (மிஞ்சும் அயனிகளைப் பிடிக்கும் பிசின் மணிகள்). சுவைக்காக மூல நீரையோ தாதுக்களையோ மீண்டும் கலக்கும் குடிநீர் ஆர்.ஓ. இதற்கு உதவாது. கரைந்த உப்புகளில் 95 சதவீதத்துக்கும் மேல் மெம்பிரேனே தடுத்துவிடும். மிச்சத்தை ரெசின் பிடித்துக்கொள்ளும். வெளியே வரும் நீரில் டி.டி.எஸ். (மொத்தக் கரைபொருள்) மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். இதுவரை எல்லாரும் சொல்வதுதான். ரெசின் ஏன் சீக்கிரம் தீர்கிறது என்று தேடத் தொடங்கியபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

ஆர்.ஓ. ஓடாமல் நிற்கும் நேரத்தில், மெம்பிரேனின் கழிவுப் பக்கத்தில் உள்ள உப்புகள் மெல்ல மெல்லச் சுத்த நீர்ப் பக்கத்துக்கு ஊடுருவி வந்துவிடுகின்றன. மறுபடி திறந்தவுடன் வரும் நீரின் டி.டி.எஸ். வழக்கத்தைவிடப் பல மடங்கு இருக்கும். சின்ன வாளி குறையும்போதெல்லாம் தானாக ஓடி நிரப்பும்படி வைத்திருந்தால், ஒவ்வொரு முறையும் இந்த மோசமான நீரே ரெசினுக்குப் போய்ச் சேரும். நான் 300 லிட்டர் பீப்பாய் வைத்திருக்கிறேன். அது நன்றாக வற்றிய பிறகே ஆர்.ஓ.வைத் திறப்பேன், நிரம்பும்வரை ஒரே மூச்சில் ஓடவிடுவேன். ரெசினுக்கு முன்னால் ஒரு வால்வு பொருத்தி, முதல் சில நிமிட நீரை வெளியே விட்டுவிடுகிறேன். இந்த ஒரு மாற்றத்திலேயே ரெசினின் ஆயுள் கண்கூடாகக் கூடியது.

அதன் பிறகும் எதிர்பார்த்த அளவு உழைக்கவில்லை. காரணம் கரியமில வாயு. என்னுடையது கிணற்று நீர், அதில் இது அதிகமாகக் கரைந்திருப்பது சகஜம். வாயுவை மெம்பிரேன் தடுக்காது. அது நேராக ரெசினுக்குள் போய் பைகார்பனேட்டாக மாறி, எதிரயனிகளை (எதிர்மின்னூட்டம் கொண்ட அயனிகளை) பிடிக்க வேண்டிய இடங்களை நிரப்பிவிடுகிறது. மெம்பிரேனுக்குப் பின் டி.டி.எஸ். மிகக் குறைவாகக் காட்டியும் ரெசின் வேகமாகத் தீர்ந்து நிறம் மாறினால் இதைச் சந்தேகிக்கலாம். கண்டுபிடிக்கும் வழி எளிது. மூல நீரைப் பிடித்தவுடன் அதன் பி.எச். (அமில-காரத் தன்மை) அளவை ஒருமுறை பாருங்கள். பிறகு ஒரு நாள் முழுக்க அதில் காற்றுக் குமிழி விட்டு மறுபடி பாருங்கள். கணிசமாக உயர்ந்திருந்தால் கரியமில வாயு மிகுந்திருக்கிறது என்று பொருள். இப்போது ஆர்.ஓ. நீரைத் திறந்த பீப்பாயில் பிடித்து, ஒரு நாள் காற்றூட்டிய பிறகே சிறு பம்பு வைத்து ரெசின் வழியாகச் செலுத்துகிறேன்.

மூன்றாவது, சிலிக்கா. மீட்டர் பூஜ்யம் காட்டும்போதே மணல்மேல் பழுப்பு நிறப் படலம் (சிலிக்காவைக் கொண்டு வளரும் பாசி) விடாமல் படிகிறதா? டி.டி.எஸ். மீட்டர் உண்மையில் அளப்பது நீரின் மின்கடத்துதிறனை. கரைந்த சிலிக்கா பெரும்பாலும் அயனியாகப் பிரியாது, அதனால் மீட்டருக்கு அது புலப்படுவதில்லை. ரெசின் தீரத் தொடங்கும்போது முதலில் கைவிடுவதும் சிலிக்காவைத்தான். எனவே இரண்டு ரெசின் குப்பிகளைத் தொடராக வைத்திருக்கிறேன். முதல் குப்பி தீர்ந்ததும் அதை எடுத்துவிட்டு, இரண்டாவதை முதலிடத்துக்கு நகர்த்தி, புதியதைப் பின்னால் மாட்டுவேன். மீட்டர் ஒன்றுக்கு மேல் ஏறட்டும் என்று காத்திருப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அதற்குள் சிலிக்கா தொட்டிக்குப் போய்விட்டிருக்கும்.

*

மேலே எழுதியவரின் நீர் கிணற்று நீர். எனக்கு வருவது குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநீக்கி) கலந்த குழாய் நீர், ஆகவே என் போராட்டம் கார்பனோடு.

நவீன ஆர்.ஓ.வுக்கு வழிவகுத்தது, சிட்னி லோபும் ஸ்ரீனிவாச சௌரிராஜனும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய செல்லுலோஸ் அசிட்டேட் சவ்வு. அது குளோரினை ஓரளவு தாங்கும். இன்று நாம் வாங்கும் மெம்பிரேனில் உள்ள மெல்லிய பாலிஅமைடு படலம் தாங்காது. குளோரின் பட்டால் சிதைகிறது. முன்னால் உள்ள கார்பன்தான் அதற்குக் காவல். குளோரமினை உடைப்பது குளோரினை நீக்குவதைவிடக் கடினம், நீர் கார்பனோடு அதிக நேரம் தங்க வேண்டும். அதனால் நான் இரண்டு கார்பன் பிளாக்குகளைத் தொடராக வைத்திருக்கிறேன். முதலாவது, குளோரமினுக்கென்றே தயாரிக்கப்படும் கேட்டலிடிக் கார்பன்.

சோதனையில் ஒன்றைக் கவனியுங்கள். தனித்த குளோரினை மட்டும் அளக்கும் கிட் குளோரமினைக் காட்டாது. மொத்தக் குளோரினை அளக்கும் கிட் வாங்குங்கள். நான் கழிவுக் குழாயில் வரும் நீரைத்தான் சோதிக்கிறேன். கார்பனைக் கடந்து மெம்பிரேனைத் தொட்ட நீர் அது. அதில் குளோரின் தென்பட்டால் கார்பனை உடனே மாற்றிவிடுவேன். குளோரமின் உடைந்து வரும் அம்மோனியாவில் ஒரு பகுதி மெம்பிரேனைக் கடந்துவிடும். அதைப் பிடிப்பது ரெசின். ஆக, குளோரமின் உள்ள ஊரில் டி.ஐ. இல்லாமல் வெறும் ஆர்.ஓ. போதும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

*

குளிர்காலத்தில் நீர் வரத்து பாதியாகிவிட்டது என்று மெம்பிரேனை மாற்ற நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு, 25 டிகிரி செல்சியஸ் நீருக்கும் குறிப்பிட்ட அழுத்தத்துக்கும் உரியது. நீரின் வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் உற்பத்தி ஏறக்குறைய 3 சதவீதம் குறையும். அழுத்தமும் குறைவாக இருந்தால் இரண்டும் சேர்ந்து வாட்டும். எனக்கு அழுத்தத்தைக் கூட்டும் பூஸ்டர் பம்பு பொருத்தியதும் வரத்து சீரானது, மெம்பிரேனுக்குப் பின் டி.டி.எஸ்.ஸும் இறங்கியது.

ஒரு லிட்டர் சுத்த நீருக்கு மூன்று, நான்கு லிட்டர் கழிவாகப் போவது பலருக்கும் மனம் பொறுக்காது. எனக்கும் அப்படித்தான். ஆனால் அதற்காகக் கழிவுக் குழாயை இறுக்கிவிடாதீர்கள். கழுவிச் செல்ல நீர் இல்லாமல் மெம்பிரேனில் சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொள்ளும். கழிவு என்கிறோமே தவிர, குழாய் நீரைவிடக் கொஞ்சம் உப்பு கூடியது, அவ்வளவே. என் வீட்டில் அது தனித் தொட்டிக்குப் போகிறது. கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் அதுதான்.

*

முதலில் எழுதியவன்தான் மீண்டும் எழுதுகிறேன். முதல் நிரப்புதலுக்கு எவ்வளவு நாள் பிடிக்கும் என்று கேட்டிருக்கிறார்கள். நாளுக்கு 75 கேலன் மெம்பிரேன் என்றால், எல்லாம் சாதகமாக இருந்தால் 284 லிட்டர். 1,600 லிட்டருக்கு ஆறு நாள் ஓட வேண்டும். காற்றூட்டும் நேரத்தையும் சேர்த்தால் இன்னும் கூடும். அவசரப்பட வேண்டாம். முதல் முறை மட்டும் தொட்டிக்குள்ளேயே உப்பைக் கலக்கலாம், அப்போது உள்ளே உயிர் எதுவும் இருக்கக் கூடாது. அடுத்து வரும் நீர் மாற்றங்களுக்குத் தனிப் பீப்பாய் தேவை. நீரைச் சுழலவிட்டு அதில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். உப்பின்மேல் நீரை ஊற்றினால் கால்சியம் கார்பனேட்டாகப் படிந்து வீணாகும். உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு) தரக் கரைசலால் சரிபார்த்த பிறகு அளந்து பாருங்கள். சுத்த நீர் ஓடும் பாதையில் பித்தளை, செப்பு இணைப்பு ஒன்றுகூட வேண்டாம். கரைபொருள் இல்லாத நீர் உலோகத்தை அரித்து எடுத்துக்கொண்டு வரும். ரெசின் வரை செம்பைத் தடுத்துவிட்டு, கடைசி வால்வில் அதையே சேர்த்துக்கொள்வது போலாகிவிடும்.