புதுப்பிப்பு: கோடு தொடரும் ரோபோவுக்கு இ.எஸ்.பி.32 பொருந்தியது

கோடு தொடரும் ரோபோவுக்கு ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை போதுமா, வைஃபை உள்ள இ.எஸ்.பி.32 பலகை வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. கைப்பேசியிலிருந்து வைஃபை வழியே இயக்குவதானால் ஊனோவின் 2 கிலோபைட் ரேமோடு போராட வேண்டாம் என்ற யோசனையே சரியாக அமைந்தது. மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் இ.எஸ்.பி.32 வாங்கினேன்.

எதிர்பாராதது ஒன்று நடந்தது. வைஃபையை இயக்கியதும், கோட்டைக் கண்டறியும் ஐந்து அகச்சிவப்பு சென்சார்களில் இரண்டு வேலை செய்யவில்லை. சென்சார் பழுதென்று எண்ணி இரண்டு மாலைகளைச் செலவிட்ட பிறகே, அவை ஏ.டி.சி.2 (மாறும் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் இரண்டாவது பிரிவு) சார்ந்த பின்களில், அதாவது இணைப்பு முனைகளில், இருந்ததும், வைஃபை இயங்கும்போது அந்தப் பின்களில் அனலாக் அளவீடு நம்பத்தக்கதல்ல என்பதும் புரிந்தது. ஐந்தையும் 32 முதல் 36 வரையிலான ஏ.டி.சி.1 பின்களுக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது.

ஒலியலையால் தூரத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சாரும் இந்த ரோபோவில் உண்டு. அதன் எக்கோ பின் (அளவீட்டைத் தரும் முனை) 5 வோல்ட் தருவது; இ.எஸ்.பி.32 பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. ஆகவே இடையில் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் மின்னழுத்தத்தைக் குறைத்துக்கொண்டேன்.