புதுப்பிப்பு: பேச்சு வராத மகன், பெரா டெஸ்டுக்கு அப்புறம்

போன மாதம் எழுதியிருந்தேன்: மகனுக்கு 2 வயது 3 மாதம், ‘அம்மா’, ‘தா’ தவிர வார்த்தை இல்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று. “இவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான்” என்ற மாமியாரின் சமாதானத்தில் ஆறு மாதம் போனது. என் தப்பும்தான்.

முதலில் காது. கேட்கும் திறனைப் பார்க்கும் பெரா டெஸ்டுக்குப் பிள்ளை தூங்க வேண்டும். விடியற்காலை 4 மணிக்கே எழுப்பி, பஸ்ஸில் கண்ணயராமல் பார்த்துக்கொண்டது பெரும்பாடு. நெற்றியில் ஒயர் ஒட்டியதும் முழித்துக்கொண்டான்! இரண்டாவது தடவைதான் முடிந்தது. கேட்கும் திறன் நார்மல்.

அப்புறம் அரசு மருத்துவமனையில், பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கும் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையம். காசு கிடையாது. ஆட்டிசத்துக்கான அறிகுறி இருக்கிறதா என்று பார்க்க எம்-சாட் என்று 20 கேள்விகள். விரலால் சுட்டிக் காட்டுவானா என்று கேட்டபோதுதான் உறைத்தது. பிஸ்கட் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து டப்பா மேல் வைப்பான், சுட்டியதே இல்லை. டாக்டர் சோப்புக் குமிழி ஊதினார். குமிழியையே பார்த்தான், அவர் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

ஆட்டிசமா என்று இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்களாம். அதற்காகக் காத்திருக்காமல் ஸ்பீச் தெரபி தொடங்கியாயிற்று. செல்போனை நிறுத்தியதில் நாலு நாள் வீடு ரணகளம்.

நேற்று டப்பா பக்கம் விரல் நீண்ட மாதிரி இருந்தது. பிரமையோ என்னவோ.