சந்தேகம்: டிராவல் பக் வைத்து உணவுச் சங்கிலி நடத்துகிறேன், தவளை காணவில்லை

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். சித்தூர் தாலுகாவில் தமிழ் வழி ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஜிபிஎஸ் வைத்து, ஒளித்துவைத்த டப்பாக்களைத் தேடும் ஜியோகேச்சிங் விளையாடும் என் தம்பி ஐந்து டிராவல் பக் தகடுகள் (எண் பொறித்து, ஒரு டப்பாவிலிருந்து இன்னொன்றுக்குப் பயணம் போகும் தகடுகள்) வாங்கிக் கொடுத்தான். நெற்கதிர், வெட்டுக்கிளி, தவளை, சாரைப்பாம்பு, கழுகு என்று ஐந்து பொம்மைகளில் ஒவ்வொன்றாகக் கோத்தோம். தவளையை மட்டும் பாலக்காட்டுப் பக்கம் ஒரு கேச்சில், அதாவது ஒளித்துவைத்த டப்பாவில், போட்டோம். மற்ற நான்கும் வகுப்பில் உள்ளன.

இப்போது மூன்று சிக்கல். ஜியோகேச்சிங் தளத்தில் தகட்டுக்கென உள்ள வலைப்பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். அதை வைத்துப் பதிவு போட்டால் ஏற்க மாட்டேன் என்கிறது. போன வாரம் கேச்சுக்குப் போய்ப் பார்த்தால் தவளை இல்லை, யார் எடுத்தார்கள் என்ற பதிவும் இல்லை. இரண்டு பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். மூன்றாவதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. இவ்வளவு செய்தும் தேர்வில் பாதிப் பேர் அம்புக்குறியைக் கழுகிலிருந்து நெல்லை நோக்கிப் போட்டிருக்கிறார்கள். 'கழுகுதானே டீச்சர் பாம்பைத் தேடிப் போகுது' என்கிறார்கள். என்ன மாற்ற வேண்டும்? தகடுகளின் படம் இணைத்திருக்கிறேன்.

மலம்புழை கேச்சர்:
டீச்சர், முதலில் அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். தகட்டில் பொறித்திருக்கும் எண் நன்றாகத் தெரிகிறது. கையில் தகடு இல்லாதவர்களும் அதைப் பார்த்துப் பொய்யாகப் பதிவு போட்டுவிட முடியும்.

உங்கள் முதல் சிக்கலுக்கும் அந்த எண்தான் விடை. வலைப்பக்கத்தில் 'டிபி' என்று தொடங்குவது எல்லோரும் பார்ப்பதற்கான எண். அதை வைத்துப் பக்கத்தைத் திறக்கலாம், பதிவு போட முடியாது. பதிவுக்குத் தகட்டில் பொறித்ததுதான் வேண்டும்.

தவளைக்கு வருவோம். கேச் வைத்தவருக்குத் தளம் வழியாக ஒரு செய்தி அனுப்புங்கள். எடுத்தவர் பதிவு போட மறந்து, இரண்டு மாதம் கழித்து வேறு ஊரில் விடுவதும் நடக்கும். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, வராவிட்டால் உரிமையாளர் பக்கத்தில் 'காணவில்லை' என்று குறித்துவிடலாம். டிராவல் பக் வாங்கும்போது ஒரே எண்ணில் இரண்டு தகடுகள் வந்திருக்குமே, அந்த இரண்டாவது தகட்டை வேறொரு தவளையில் மாட்டி மறுபடி அனுப்பலாம். நம் பக்கம் கேச்சுகள் குறைவு. ஆகவே வேகமாகப் பயணம் போகும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
படத்தை எடுத்துவிட்டேன், நன்றி அண்ணா. இரண்டாவது தகடு அலமாரியில் இருக்கிறது. அம்புக்குறிக்கு ஏதாவது வழி உண்டா?

நெம்மாறை பயாலஜி சார்:
டீச்சர், பொம்மையை விலங்காக வைத்ததில்தான் சிக்கல் என்று நினைக்கிறேன். விலங்கு நகர்ந்தால் பிள்ளை வேட்டையைப் பார்க்கிறது. நாம் காட்ட வேண்டியது சாப்பாடு போகும் வழி. மாற்றிப் போடுங்கள். விலங்குகள் டப்பாக்களாக ஓரிடத்தில் இருக்கட்டும், ஒரே ஒரு தகடு மட்டும் டப்பாவுக்கு டப்பா போகட்டும். அந்தத் தகடுதான் ஆற்றல். நெல் டப்பாவில் வெயிலாக நுழைகிறது, வெட்டுக்கிளிக்குப் போகிறது, தவளைக்கு, பாம்புக்கு, கழுகுக்கு. தகடு போன வழியைக் கோடாக வரையச் சொன்னால் அம்புக்குறி தானாகச் சரியான பக்கம் விழும்.

அளவையும் அதிலேயே சொல்லிவிடலாம். நெல் டப்பாவில் 1000 புளியங்கொட்டை வையுங்கள். வெட்டுக்கிளிக்கு 100, தவளைக்கு 10, பாம்புக்கு 1. கழுகுக்கு அந்த ஒரு கொட்டையில் பத்தில் ஒரு துண்டு. சூழலியலாளர் லிண்டமன் 1942இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த கணக்கு இது. பத்து சதவீதம் என்பது தோராயம்தான், இடத்துக்கு இடம் மாறும். ஆனாலும் வயலில் வெட்டுக்கிளி ஆயிரக்கணக்கில் இருக்க, கழுகு ஏன் ஒன்றிரண்டுதான் தென்படுகிறது என்று பிள்ளைகளுக்குக் கையிலேயே தெரியும்.

ஒன்றில் மட்டும் கவனம். கழுகு செத்து மண்ணானதும் தகட்டை நெல் டப்பாவுக்குத் திருப்பி அனுப்பத் தோன்றும். ஆற்றல் அப்படித் திரும்பாது, வெப்பமாகப் போய்விடும். திரும்பி வருவது தழைச்சத்து போன்ற சத்துகள்தான். அதற்கு வேறு நிறத்தில் இரண்டாவது தகடு வைத்து, கரையான், மண்புழு, காளான் என்று ஒரு டப்பா வழியாக நெல்லுக்குக் கொண்டுவாருங்கள்.

மலம்புழை கேச்சர்:
சார் சொன்னது அருமை. ஒரு எச்சரிக்கை: பள்ளிக்குள் வைக்கும் டப்பாக்கள் தளத்தில் பதிவான கேச்சுகள் அல்ல, அதனால் அவற்றில் தகட்டை 'போட்டதாக'ப் பதிய முடியாது. தகட்டின் பக்கத்தில் குறிப்பாக எழுதிப் படம் சேர்க்கலாம். டப்பாக்களையே கேச்சாகப் பதியலாம் என்றால், இரண்டுக்கு நடுவில் 161 மீட்டர் இருக்க வேண்டும், பள்ளி வளாகம் போதாது. புளியங்கொட்டை வகுப்போடு இருக்கட்டும். வெளியே வைக்கும் கேச்சில் தின்னும் பொருள் எதுவும் கூடாது, எலி டப்பாவைக் கடித்துவிடும்.

சித்தூர் வயல்காரர்:
எனக்கு இந்த விளையாட்டு தெரியாது, நெல் தெரியும். தவளை தொலைந்ததை அப்படியே பாடமாக்குங்கள் டீச்சர். ஒரு காலத்தில் வயல் தவளைகளைப் பிடித்துக் காலை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். 1987இல் அரசு அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. தவளை குறைந்தால் பூச்சியைத் தின்ன ஆள் குறையும், நாங்கள் மருந்து அடிப்போம், அந்த மருந்து மீதித் தவளையையும் பாதிக்கும்.

அப்புறம், எங்கள் வயலில் கழுகைவிட மயில்தான் அதிகம். மயில் நெல்லையும் தின்னும், வெட்டுக்கிளியையும் தின்னும், சின்னப் பாம்பையும் விடாது. சாரை தவளையை மட்டுமா பிடிக்கும்? எலியைப் பிடிப்பதால்தான் நாங்கள் அதை அடிப்பதில்லை. எலிக்கும் ஒரு டப்பா வையுங்கள்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
நேற்று எலியும் மயிலும் சேர்த்து ஏழு டப்பா, நடுவில் கயிறு கட்டிச் செய்து பார்த்தோம். அம்புக்குறியை இந்தத் தடவை இரண்டே பேர்தான் மாற்றிப் போட்டார்கள். ஆயிரம் கொட்டையை எண்ணுவதற்கே ஒரு பீரியட் போய்விட்டது, பரவாயில்லை. ஒரு பையன் 'எங்க அப்பா எந்த டப்பா டீச்சர்?' என்று கேட்டான்.

நெம்மாறை பயாலஜி சார்:
சோறு சாப்பிடும்போது வெட்டுக்கிளி இருக்கும் படியிலேதான். நெல் டப்பாவிலிருந்து அவன் அப்பாவுக்கு நேராக ஒரு கயிறு கட்டி, நூறு கொட்டை எண்ணிக் கொடுக்கச் சொல்லுங்கள்.