பிக்கப்புக்கு பெரிய பிரேக் கிட் போட்டவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. என் ஆஃப்ரோடு பிக்கப்புல 33 இன்ச் டயர் மாட்டினதுல இருந்து பிரேக் பத்தல. டயர் பெருசாகி எடையும் ஏறினா பழைய பிரேக் திணறத்தான் செய்யும், அது தெரியுது. ஆனா லோடோட நீளமான மலை இறக்கம் வந்தா நிஜமாவே பயமா இருக்கு. பெடல் கெட்டியாவே இருக்கு, எவ்வளவு அழுத்தி மிதிச்சாலும் வண்டி வழுக்கிட்டே போகுது, கருகுற வாடை வேற. பெடல் உள்ளே அமுங்காததால பிரேக் ஆயில் கொதிக்கல, பிரேக் பேட்தான் சூட்டுல பிடிப்பை விடுதுன்னு நினைக்கிறேன்.

அதனால 6 பிஸ்டன் காலிப்பரும் (பேட்டை டிஸ்க்குல அழுத்திப் பிடிக்கிற பாகம்) பெரிய டிஸ்க்கும் உள்ள கிட் பார்த்துட்டு இருக்கேன். 17 இன்ச் வீலுக்குள்ள காலிப்பர் ஸ்போக்குல உரசாம உட்காருமா? பிஸ்டன் பரப்பு கூடினா பழைய மாஸ்டர் சிலிண்டரோட (பெடலை மிதிச்சா ஆயிலைத் தள்ளுற பாகம்) பெடல் இன்னும் ஆழமா போகுமே, அதையும் மாத்தினீங்களா? பின்னாடி டிரம்தான். முன்பக்கம் மட்டும் பலமானா பேலன்ஸ் கெட்டு ஏபிஎஸ் குழம்புமோன்னும் கவலை.

டிஸ்க்குல ஓட்டை போட்டது வேண்டாம், விரிசல் விடும். கோடு போட்டதுதான் என் முடிவு. காலிப்பருக்கும் ரிம்முக்கும் நடுவுல கூழாங்கல் சிக்குறதுக்கு என்ன பண்றீங்க? பிஸ்டனுக்கு டஸ்ட் பூட் (தூசி தடுக்கிற ரப்பர் உறை) இல்லாத காலிப்பர் சேத்துல தாங்குதா?

இல்ல, நல்ல பேட், புது டாட் 4 ரக பிரேக் ஆயில் மட்டுமே போதும்னு அனுபவத்துல தோணுச்சுன்னா அதையும் தயங்காம சொல்லுங்க.