கான்டெஸா 32: ஒடுக்கமான உடலும் கவிழ்வுக் குறியீடும்

கேள்வி

வணக்கம். தென் இங்கிலாந்தில் வசிக்கும் நாங்கள், பள்ளி செல்லும் இரு குழந்தைகளோடு விடுமுறைகளில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்சின் ஷெர்பூர் துறைமுகம் வரை போய்வர ஒரு பாய்மரப் படகு வாங்க எண்ணி, 1970களில் கட்டிய, 32 அடி நீளமுள்ள கான்டெஸா 32 ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். இதே நீளத்தில் இன்று வரும் படகுகள் பலவும் 11 அடிக்குக் குறையாத அகலம் கொண்டவை. இதன் அகலமோ ஒன்பதரை அடிதான். விற்பவர், கவிழ்வுக் குறியீடு 1.79 என்பதால் அஞ்ச வேண்டாம் என்கிறார். இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்? வேகத்தில் எதை இழப்போம்?

முதல் மறுமொழி

அந்த எண் வரும் வழியைப் பார்த்தாலே அதன் குறை விளங்கிவிடும். பவுண்டில் கணக்கிட்ட எடையை 64ஆல் வகுத்து, அதன் கனமூலத்தால் அடிக்கணக்கிலுள்ள அகலத்தை வகுக்கிறார்கள். 2க்குக் கீழே வந்தால் ஆழ்கடலுக்கு ஏற்றது என்பது வழக்கு. 9,500 பவுண்டுக்கும் ஒன்பதரை அடிக்கும் 1.79 சரியான விடைதான். ஆனால் எடை எங்கே இருக்கிறது என்பதை இந்தச் சூத்திரம் கேட்பதே இல்லை. படகு கவிழாமல் இருக்க அடியில் ஏற்றிய ஈயம் முழுவதையும் பாய்மரத்தின் உச்சியில் கட்டினாலும் இதே எண்தான் வரும்.

கான்டெஸாவின் பலம், அதை வடிவமைத்த டேவிட் சாட்லர் அந்த எடையை வைத்த இடத்தில் இருக்கிறது. மொத்த எடையில் 4,500 பவுண்டு, அதாவது 47 விழுக்காடு, ஏராவுக்குள், அதாவது படகின் அடியில் நீண்டு இறங்கும் பகுதிக்குள், நீர்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. இங்கிலாந்திலிருந்து அயர்லாந்துக் கடற்கரையோரப் பாறை வரை போய்த் திரும்பும் ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தின் 1979 புயலில் 15 போட்டியாளர்கள் இறந்தனர். மிகச் சிறிய படகுகளின் பிரிவில் புறப்பட்ட 58இல் பந்தயத்தை முடித்தது அசென்ட் என்ற கான்டெஸா 32 ஒன்றே. பின்னர் நடந்த விசாரணையில், அக்காலத்து அகலமான பந்தயப் படகு ஒன்று 120 பாகை சாய்வதற்குள்ளேயே நிமிரும் விசையை இழந்துவிடும் என்றும், கான்டெஸா ஏறத்தாழ 155 பாகை வரை அதை இழப்பதில்லை என்றும் கணக்கிட்டார்கள். அகலமான உடல் தலைகீழாகவும் உறுதியாகவே மிதக்கும். ஒடுக்கமான உடலை அடுத்த அலையே புரட்டி நிமிர்த்திவிடும். ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டியது குறியீட்டை அல்ல, சாய்வு ஒவ்வொன்றிலும் நிமிரும் விசை எவ்வளவு என்று காட்டும் நிமிர்விசை வரைபடத்தை.

வேகத்தைப் பொறுத்தவரை, உச்ச வேகத்தைத் தீர்மானிக்கும் நீர்மட்ட நீளம் (நீர்மட்டத்தில் உடலின் நீளம்) 24 அடி என்பதால் உச்ச வேகம் ஆறரை நாட் (மணிக்கு ஆறரை கடல்மைல்) அளவில் நின்றுவிடும். தென் இங்கிலாந்துக் கரையோரத்தின் நீடில்ஸ் பாறைகளிலிருந்து ஷெர்பூர் ஏறத்தாழ 60 கடல்மைல். சராசரி ஐந்தரை நாட்டில் போனால் பதினொரு மணி நேரம், ஆறு நாட்டில் போகும் புதிய படகுக்குப் பத்து மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்காக நான் இந்தப் படகை விடமாட்டேன்.

இரண்டாம் மறுமொழி

மேலே சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் கேட்டவர் குழந்தைகளோடு போகிறார். நிமிர்ந்து நிற்கும் நிலையிலிருந்து முதல் இருபது பாகை வரை ஒடுக்கமான படகு எளிதில் சாயும். பக்கச்சுவர் தாழ்வாக இருப்பதால், எதிர்க்காற்றில் அணியம் (படகின் முன்முனை) அலையைக் கிழிக்கும்போது சாரல் நேரே சுக்கான் பிடிப்பவர் முகத்தில் அடிக்கும். பின்காற்றில் ஒடுக்கமான கடையால் (பின்முனை) படகை இருபுறமும் உருட்டும். காற்று 15 நாட்டைத் தாண்டியதும் பாயைச் சுருக்கப் பழகிவிட்டால் சாய்வு பெரிதும் குறையும்; படகின் வேகமும் அதனால் குறையாது. உள்ளறையின் நெருக்கத்துக்குத்தான் மாற்று இல்லை. நால்வரும் ஓர் இரவு அதில் தங்கிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

மூன்றாம் மறுமொழி

வயதையும் மறந்துவிட வேண்டாம். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் கடைசியாக மாற்றப்பட்ட ஆண்டைக் கேளுங்கள். பத்து ஆண்டுகளைக் கடந்திருந்தால் அந்தச் செலவை விலையிலிருந்து கழிக்கச் சொல்லலாம். மேல்தளத்தில் கால் வைக்கும்போது எங்காவது மெத்தென்று அமிழ்ந்தால், உள்ளே நீர் இறங்கியிருக்கிறது என்று பொருள். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே படகைக் கரையேற்றி, விற்பவருக்குத் தொடர்பில்லாத ஆய்வாளர் ஒருவரிடம் அடிப்பகுதியைக் காட்டுங்கள்.