பொங்கல் முடிஞ்சு 6 வண்டி, 3 நாள்: ஒகேனக்கல் - அஞ்செட்டி - பெட்டமுகிலாளம் போலாமா?

தகடூர்க்காரன்:

வணக்கம் மக்களே. நாங்க தர்மபுரில ஒன்பது பேரு, எல்லாம் ஸ்கூல்ல இருந்தே ஒண்ணா சுத்துறவங்க, இப்ப ஒருத்தன் ஓசூர் கம்பெனில ஒருத்தன் பெங்களூர்லன்னு ஆளுக்கொரு பக்கம், காணும் பொங்கல் முடிஞ்சு மூணு நாள் எல்லாருக்கும் லீவு ஒத்து வருது, அதுவே அதிசயம். ஆறு வண்டி. ரெண்டு ஹிமாலயன், ஒரு பல்சர் 220, ஒரு எஃப்சி, ஒரு பழைய ஆர்எக்ஸ் 100, அப்புறம் எங்க மாமா பையனோட ஸ்பிளெண்டர், அதுல டபுள்ஸ் வேற.

போட்டு வச்சிருக்கிற ரூட்டு இதுதான். முதல் நாள் பென்னாகரம் வழியா ஒகேனக்கல் போய் தங்கிடறது. மறுநாள் நாட்றாம்பாளையம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, அங்கேர்ந்து அய்யூர் காடு வழியா பெட்டமுகிலாளம். மூணாம் நாள் கெலமங்கலம், ராயக்கோட்டை, பாலக்கோடு, வீடு. ஒருத்தன் மட்டும் இதெல்லாம் நம்ம ஊருதானடா, ஏலகிரி ஜவ்வாது பக்கம் போலாம்னு அடம் பிடிக்கிறான்.

ரூட்டை விட பெரிய தலைவலி ஒண்ணு இருக்கு. போன வருஷம் ஏற்காடு போனப்ப ஹிமாலயன் ரெண்டும் முன்னாடி பறந்துடுச்சு, அதைப் பிடிக்கணும்னு பல்சரும் எஃப்சியும், ஸ்பிளெண்டர் தொப்பூர் இறக்கத்துக்கு முன்னாடியே பஞ்சர் ஆகி நின்னுடுச்சு, அவன் போன் அடிச்சா எங்க எவன் காதுலயும் விழல, சேலம் போய் டீ குடிச்சு முடிச்சப்புறம் தான் ரெண்டு பேரைக் காணோம்னே கவனிச்சோம். ஒன்றரை மணி நேரம் அவனுங்க அந்த லாரி ரோட்டோரம் வெயில்ல நின்னிருக்கானுங்க. அப்புறம் நாலு மாசம் எங்ககிட்ட பேசவே இல்ல, நியாயம் தான். இந்த தடவை அப்படி ஆகாம எல்லாரும் ஒண்ணா போக என்ன பண்ணலாம்? அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க.

ரெண்டாவதுகியர்:

தம்பி ரூட்டு அருமை, மாத்தாதீங்க. ஆனா அஞ்செட்டி காட்டுல டவர் விட்டு விட்டு தான் கிடைக்கும், அதனால போனை நம்பி எந்த பிளானும் போடாதீங்க. நாங்க பதினஞ்சு வருஷமா ஒரே ஒரு சட்டம் தான் வச்சிருக்கோம். ரோடு பிரியுற எந்த இடமா இருந்தாலும் உனக்குப் பின்னாடி வர்ற வண்டி உன் கண்ணுல பட்ட அப்புறம் தான் நீ திரும்பணும். முன்னாடி போறவன் எவ்வளவு தூரம் போயிட்டான்னு கவலையே படாத, அவனும் அடுத்த பிரிவுல உனக்காக நின்னுட்டு தான் இருப்பான். உன் பொறுப்பு உனக்குப் பின்னாடி வர்ற ஒரே ஒரு வண்டி. பிரிவே இல்லாத ரோட்டுல அஞ்சு நிமிஷமா கண்ணாடில ஆள் தெரியலன்னா நின்னுடு, இன்னும் அஞ்சு நிமிஷம் வரலன்னா திரும்பிப் போ. நீ நின்னா உனக்கு முன்னாடி போனவனும் நிப்பான், அப்படியே முன்னாடி வரைக்கும் போயிடும்.

அப்புறம் ஸ்பிளெண்டரை ரெண்டாவதா விடு. முதல் வண்டி வழி தெரிஞ்சவன், அவன் கண்ணாடில ஸ்பிளெண்டர் தெரிஞ்சுட்டே இருக்கணும். டபுள்ஸ்ல 100 சிசி மலை ஏறுற வேகம் தான் உங்க ஆறு வண்டிக்கும் வேகம், ஹிமாலயன் வாங்கின தம்பிங்களுக்கு கஷ்டமா தான் இருக்கும், பொறுத்துக்கட்டும்.

இறக்கத்துல எவனும் நியூட்ரல்ல விடக்கூடாது. தொப்பூர்ல லாரிங்க அடிக்கடி ஏன் போய் மோதுதுன்னு நினைக்கிற, டீசல் மிச்சம் பண்றேன்னு நியூட்ரல்ல விட்டு, வெறும் பிரேக்கையே மிதிச்சுட்டு வந்து அது சூடேறி பிடிக்காம போறது தான் பாதி. பைக்குக்கும் அதே கணக்கு, எந்த கியர்ல ஏறினியோ அதே கியர்ல இறங்கு. ஆர்எக்ஸ் காரன் மட்டும் இன்னும் நிதானமா வரணும், டூ ஸ்ட்ரோக்ல எஞ்சின் பெருசா இழுத்துப் பிடிக்காது, இருக்கிறதும் டிரம் பிரேக்.

காத்துவாக்குல220:

அண்ணன் சொன்னதுல ஒண்ணு ஒத்துக்க மாட்டேன். ஸ்பிளெண்டர் பின்னாடியே 30ல உருட்டிட்டு போனா பெரிய வண்டி ஓட்டுறவனுக்கு தூக்கம் வரும், கடுப்புல வளைவுல ஓவர்டேக் பண்ணுவான், அது அதைவிட ஆபத்து. எங்க கேங்குல வேகமா போறவன் போகட்டும், இந்த ஊர் டீக்கடைல சந்திப்போம்னு சொல்லிடுவோம், ஆனா கடைசி வண்டி மட்டும் எப்பவும் நல்லா ஓட்டுற ஆளு, பஞ்சர் கிட்டு, டூல்ஸ், மருந்து எல்லாம் அவன்கிட்ட தான் இருக்கும்.

ரெண்டாவதுகியர்:

கடைசி வண்டி விஷயம் சரி தம்பி, அதை நானும் எழுதியிருக்கணும். ஆனா டீக்கடைல சந்திப்போம்னு போய்த்தான் அவங்க சேலத்துல டீ குடிச்சிருக்காங்க.

ராகிக்கொல்லை:

எனக்கு அஞ்செட்டி பக்கம் தான் ஊரு, தினமும் இதே ரோட்டுல தான் போறேன் வர்றேன், ஒரு வயித்தெரிச்சல்ல எழுதறேன் தப்பா எடுத்துக்காதீங்க. கார்த்திகை மார்கழில ராகி கதிர் முத்துறப்ப பன்னேர்கட்டா பக்கம் இருந்து ஜவளகிரி வழியா யானைக் கூட்டம் இறங்கும், தை மாசத்துலயும் இங்கயே தான் சுத்திட்டிருக்கும். கொல்லைல பரண் கட்டி ராவெல்லாம் முழிச்சு காவல் இருக்கிறோம். நீங்க வர்றீங்க, சைலன்சரைக் கழட்டி விட்டுட்டு பட்டாசு மாதிரி சத்தம், யானை மிரண்டு ஓடுனா உங்க பக்கம் வராது, எங்க கொல்லைக்குள்ள தான் வரும். இது 2014ல சரணாலயமா அறிவிச்ச காடு, ஆனா சனி ஞாயிறு வந்து பார்த்தா பார் மாதிரி இருக்கு. பாட்டிலை பாறைல உடைச்சுட்டுப் போறாங்க, யானைக் கால் உள்ளங்கால் மெத்துனு இருக்கும், கண்ணாடி ஏறினா புண் வச்சு நடக்க முடியாம செத்தே போகும். எங்க மாட்டுக்கும் அதே கதி தான்.

வராதீங்கன்னு சொல்லல. காலைல எட்டு மணிக்கு மேல காட்டுக்குள்ள ஏறுங்க, சாயங்காலம் நாலு மணிக்குள்ள தேன்கனிக்கோட்டை சேர்ந்துடுங்க. ரோட்டுல புது லத்தி ஆவி பறக்கக் கிடந்தா யானை பக்கத்துல தான் இருக்குன்னு அர்த்தம். எதிர்ல நின்னா ஹாரன் அடிக்காதீங்க, தூரத்துலயே நின்னு வண்டியத் திருப்பி வச்சுக்கோங்க, குட்டி இருந்தா போட்டோவே வேணாம். பென்னாகரத்துலயே பெட்ரோல் ரொப்பிக்கோங்க, கிளட்ச் ஒயர் ஒண்ணு கையில வச்சுக்கோங்க, காட்டுக்குள்ள மெக்கானிக் கிடைக்க மாட்டாங்க.

ஒகேனக்கல் போறதுக்கு முன்னாடி நியூஸ்ல பிலிகுண்டுலு (காவிரி நம்ம தமிழ்நாட்டுக்குள்ள நுழையிற இடம்) நீர்வரத்து எத்தனை கன அடின்னு பாருங்க, தண்ணி ஏறினா பரிசலையும் குளிக்கிறதையும் நிறுத்திடுவாங்க.

ஏலகிரிஎட்வின்:

ஜவ்வாது கேக்குற நண்பருக்கு மட்டும் சொல்றேன். அது தனியா போக வேண்டிய ஊரு, இதோட சேர்த்து மூணு நாள்ல திணிக்காதீங்க. திருப்பத்தூர், ஆலங்காயம், காவலூர் வழியா ஜமுனாமரத்தூர் ஏறுங்க, காவலூர்ல 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிற வைணு பாப்பு வானியல் கூடம் வழிலயே வரும். ஏலகிரி பதினாலு வளைவு தான், ஒரு காலைப் பொழுது வேலை.

தகடூர்க்காரன்:

போயிட்டு வந்துட்டோம்! லேட்டா எழுதறேன் மன்னிக்கணும்.

ஸ்பிளெண்டர் ரெண்டாவது, கடைசில பல்சர்னு தான் கிளம்பினோம். முதல் நாள் ஒகேனக்கல்ல எண்ணெய் மசாஜ், குளியல், பரிசல் எல்லாம் ஆச்சு. நாமளே மீனை வாங்கிட்டுப் போய் கொடுத்தா ஆத்தோரம் இருக்கிற அக்காங்க சமைச்சுக் கொடுப்பாங்க இல்ல, எங்களுக்கு அமைஞ்ச அக்கா மிளகாய்த்தூளை கையால அள்ளித்தான் போட்டாங்க, அளவெல்லாம் இல்ல, தகரத்து மேல அந்த மீன் சுருங்கி ஓரம் கருகுற வாசனைக்கே ஓசூர்க்காரன் ரெண்டாவது தடவை மீன் வாங்க ஓடிட்டான். பொதுக்காசுல பாதி அங்கயே காலி.

மறுநாள் நாட்றாம்பாளையம் தாண்டி ஒரு ஏத்தத்துல தான் விஷயம். ராகிக்கொல்லை சொன்ன மாதிரியே கிளட்ச் ஒயர் வாங்கி வச்சிருந்தோம், ஸ்பிளெண்டருக்கு. அறுந்தது ஆர்எக்ஸ்ல. அவனும் கடைசி பல்சரும் நின்னுட்டாங்க, டவர் சுத்தமா இல்ல. ஆனா எஃப்சிக்காரன் கண்ணாடில ஆள் இல்லைன்னதும் நின்னான், அவனைக் காணோம்னு அடுத்தவன் நின்னான், கால் மணி நேரத்துல ஆறு வண்டியும் ஒரே புளியமரத்தடில. யாரும் யாரையும் திட்டல, ஸ்பிளெண்டர்ல வந்த மாமா பையன் மட்டும் இறங்கி வந்து ஆர்எக்ஸை ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டு "டீ குடிச்சுட்டு வரலாமாடா?"ன்னு கேட்டான் பாருங்க, நாலு மாச கோபத்தையும் அதுலயே தீர்த்துட்டான்.

ஒயர் நீளம் ஒத்து வரல. தள்ளிவிட்டு ஓட்டத்துலயே கியரைப் போட்டு கிளட்ச் இல்லாமலே தேன்கனிக்கோட்டை வரைக்கும் ஓட்டிட்டான், மெக்கானிக் கடைல இருபது நிமிஷ வேலை. பெட்டமுகிலாளம் ஏறுறப்ப சாயங்காலம் ஆயிடும்னு தெரிஞ்சு அன்னைக்கு போகாம தேன்கனிக்கோட்டைலயே தங்கிட்டு காலைல தான் ஏறினோம், மேல குளிரு பல்லு தந்தியடிக்குது. இறங்கி வர்றப்ப ராயக்கோட்டை தாண்டி மாந்தோப்புல பூ வாசனை வர ஆரம்பிச்சிருந்தது.

யானை பார்க்கல, லத்தி மட்டும் பார்த்தோம், ஆவி பறக்கல.

ராகிக்கொல்லை:

பாட்டில்?

தகடூர்க்காரன்:

தண்ணி பாட்டில் பதினொண்ணுங்க. எல்லாம் ஹிமாலயன் பெட்டில திரும்பி வந்துடுச்சு, அவன் இன்னும் எடுத்து வெளிய போடல.